மழை விடுமுறைக்கு எது கைகொடுக்கும்: சொப்பா, பல்லாங்குழியா, தாயமா, மாவா?

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். விடிந்ததும் பள்ளி விடுமுறை என்று செய்தி வரும். வெளியே கால் வைக்க முடியாது. வீட்டுக்குள் ஆறு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. போனைக் கையில் கொடுத்தால் வீடு அமைதியாகிவிடும்தான். ஆனால் இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த ஒரு மணி நேரம் போக மீதிப் பகல் முழுக்க அப்படியே இருக்கிறதே! அதை எதைக் கொண்டு நிரப்புவது? இரண்டு மழைக்காலமாக எங்கள் வீட்டில் மாற்றி மாற்றிப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து என்று போட்டால் 70 புளியங்கொட்டை வேண்டும். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். போட்டுக்கொண்டு போகும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', குழிக்கு உரியவருக்குச் சொந்தம். ஊருக்கு ஊர் சட்டம் கொஞ்சம் மாறும். பெரியவள் முதல் நாள் விரல் வைத்து எண்ணினாள். நான்காம் நாளே, அள்ளுவதற்கு முன் கண்ணாலேயே குழி குழியாக ஓட்டிப் பார்த்து, "இதை எடுத்தா அங்க பசு விழும்மா" என்றாள். எந்தப் பயிற்சிப் புத்தகமும் அவளுக்கு இதைக் கற்றுத் தந்ததில்லை.

ஆனால் இரண்டு குறை உண்டு. தோற்றவருக்கு அடுத்த ஆட்டத்தில் குழி நிரப்பக் கொட்டை போதாது, நிரப்ப முடியாத குழிகள் ஆட்டத்திலிருந்து விலகிவிடும். ஏழு குழியோடு தொடங்கிய பிள்ளை நான்கு குழியோடு உட்கார நேர்ந்தால் கண் கலங்கிவிடுகிறது. அதனால் சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது ஆட்டத்துக்கு ஆட்டம் கொட்டையைச் சமமாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. இரண்டாவது குறைதான் பெரிது. மூன்று வயதுக்காரன் கொட்டையை வாயில் போடுவான், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குன்றிமணியை வைத்து ஆடுவது பழைய வழக்கம். அது கடித்தால் கடும் விஷம். சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் அது எந்த மூலையிலும் இருக்கக் கூடாது.

தாயம் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம், ஆனாலும் ஆறு வயதுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். இரண்டு கட்டைகளிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகம். மொத்தம் 16 விதமாக விழலாம், அதில் இரண்டு விதத்தில்தான் தாயம், அதாவது கூட்டி ஒன்று, விழும். தாயம் விழாமல் காய் இறங்காது. எதிரில் இருப்பவருக்கு மூன்று காய் ஓடிக்கொண்டிருக்க, தன் முறைக்கெல்லாம் இரண்டும் நான்குமாகவே விழுந்தால் பிள்ளைக்கு மனசு விட்டுப்போகிறது. எட்டு வயதுக்கு மேல், தாத்தா பாட்டியோடு கூட்டமாக உட்கார்ந்தால் இதற்கு ஈடு கிடையாது.

மாவு பிசைந்து கொடுப்பது இருவருக்கும் பொருந்தும். இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் உப்பு, கொஞ்சம் எண்ணெய், நிறத்துக்கு மஞ்சள் தூள் அல்லது பீட்ரூட் சாறு என்று பலர் செய்கிறார்கள். உப்பு மாவை வாயில் வைக்கும் பிள்ளைக்கு அது ஆகாது. எங்கள் வீட்டில் சின்னவனுக்குச் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டைதான். அரை மணி நேரம் பாம்பு, பிள்ளையார், தோசை என்று போகும். முடிந்ததும் ஈரத்துணியோடு ஓடாதீர்கள், தரையெல்லாம் பசையாகிவிடும். காய விட்டுப் பெருக்கினால் ஒரே வாரலில் வந்துவிடும்.

கட்டை அடுக்குவது நல்லதுதான், ஆனால் அக்கா கட்டியதைத் தம்பி இடிப்பதிலேயே பாதி நேரம் போகிறது. வாளித் தண்ணீர் விளையாட்டு வேண்டவே வேண்டாம், கண் எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார முடிந்தால் மட்டும் பார்க்கலாம்.

சொப்பு சாமானுக்கு வருகிறேன். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு ஒரு கூடை, குட்டி அம்மி, உரல், அடுப்பு, குடம் எல்லாம் அதில் இருக்கிறது. கையகல அளவுக்குப் பெரியதாகப் பார்த்து வாங்கினால் சின்னவனுக்கும் பயமில்லை. இதில் வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை. அக்கா சமைப்பாள், தம்பி தண்ணீர் கொண்டு வருவான். அக்கா கடைக்காரி, தம்பி வெண்டைக்காய் வாங்க வந்தவன். சட்டம் உள்ள ஆட்டத்தில் சின்னது எப்போதும் பின்தங்கும். இங்கே அதன் வயதுக்கு ஏற்ற வேலை அதற்கு இருக்கிறது. போன வாரம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வெறும் தட்டை நீட்டி, "சூடா இருக்கு, ஊதி ஊதிச் சாப்டு" என்றான். நான் தினமும் அவனுக்குச் சொல்வது, அதே இழுவையோடு. அன்று ஒன்றரை மணி நேரம் இருவரும் என்னைத் தேடவில்லை. நான் செய்ததெல்லாம் தொடக்கத்தில் ஒரு பிடி அவல் போட்டுக் கொடுத்ததுதான்.

வெவ்வேறு வயதில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதலில் சொப்பு வாங்குங்கள் என்பேன். ஒரே பிள்ளை, ஆறு வயதைத் தாண்டியது என்றால் பல்லாங்குழி. எதிரில் உட்கார ஆள் வேண்டும், அதற்கு உங்களுக்கு அரை மணி நேரம் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சொப்புக் கூடை கூடத்துத் தரையிலேயே இருக்கும். பல்லாங்குழியும் கொட்டை டப்பாவும் மேல் அலமாரியில். சின்னவன் மதியம் தூங்கியதும் பெரியவள் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்கும்.