விளையாட்டுப் புலமைப்பரிசில் என்று அமெரிக்கக் கல்லூரிக்குக் காசு கட்டப் போகிறவர்களுக்கு

யாழ் நகரில் வெளிநாட்டுக் கல்வி முகவர் நிலையம் ஒன்றின் பதாகையில் என் படம் தொங்குகிறது. துரையப்பா விளையாட்டரங்கில் கோலோடு ஓடி வரும்போது யாரோ எடுத்த படம். கீழே "100 வீத விளையாட்டுப் புலமைப்பரிசிலுடன் அமெரிக்கா சென்ற எங்கள் வீராங்கனை" என்று போட்டிருக்கிறார்கள். விளையாட்டுக்கென்று நான் போய்ச் சேர்ந்த கல்லூரி எனக்கு ஒரு சதமும் தரவில்லை. தரவும் முடியாது, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். படத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்டாயிற்று, கழற்றவில்லை. உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகள் சிலர் அதைப் பார்த்து முற்பணம் கட்டப் போகிறார்கள் என்று எங்கள் மாஸ்டர் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோலூன்றிப் பாய்கிறவள். தெல்லிப்பழை அனித்தா ஜெகதீஸ்வரன், சாவகச்சேரி புவிதரன் என்று தேசியச் சாதனை வைத்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருந்தே வந்ததால், கோல் பிடிக்கும் பிள்ளை என்றால் இங்கே ஒரு மரியாதை உண்டு. முகவர்களுக்கும் அது தெரியும். மாகாணப் போட்டி முடிவுகள் பத்திரிகையில் வந்த கையோடு எங்கள் வீட்டுக்கு அழைப்பு வந்தது.

அவர்களுடைய பேச்சு எப்போதும் எதிர்வீரசிங்கம் ஐயாவில்தான் தொடங்கும். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர். யாழ் மத்திய கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் படித்தபடி பாய்ந்தவர். "அண்ணை, அவர் போன பாதையிலதான் உங்கட பிள்ளையும் போகப் போறா" என்று அப்பாவிடம் சொன்னார்கள். கேட்கிற எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு நிறையும். ஆனால் லொஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் பெரிய அரச பல்கலைக்கழகம் எங்கே, சோளக்காட்டு நடுவில் ஆயிரம் பிள்ளைகள்கூட இல்லாத, எனக்கு அவர்கள் பார்த்த தனியார் கல்லூரி எங்கே?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. 1973இலிருந்து அதில் மூன்று பிரிவுகள். முதலாம், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுக்கலாம். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் கொடுக்கவே கூடாது. 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள, மூன்றிலும் பெரிய பிரிவு அதுதான். சின்னத் தனியார் கல்லூரிகளில் ஏராளமானவை அங்கேதான் கிடக்கின்றன. இது தவிர என்.ஏ.ஐ.ஏ. என்று ஒன்று உண்டு. அதிலும் சின்னக் கல்லூரிகள்தான், ஆனால் அவை விளையாட்டுக்கு உதவிப்பணம் கொடுக்கலாம். ஆகவே "விளையாட்டுப் புலமைப்பரிசில்" என்று ஒருவர் சொன்னால் முதல் கேள்வி, கல்லூரி எந்த அமைப்பில் எந்தப் பிரிவு என்பதுதான். எங்கள் முகவர் சொன்ன கல்லூரி மூன்றாம் பிரிவு. "பிரிவெல்லாம் தரம் பார்த்துப் பிரிக்கிறது தங்கச்சி, காசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். முழுப் பொய்.

அப்படியானால் என் கையில் வந்த புலமைப்பரிசில் கடிதம் என்ன? கல்லூரி முத்திரையோடு வந்த அசல் கடிதம்தான் அது. வருடத்துக்கு 24,000 டொலர் என்று இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது, அந்தக் கல்லூரியை நிறுவியவரின் பெயர் மட்டும் இருந்தது. அங்கே போய்ப் பார்த்தால் என் அறைத்தோழிக்கும் அதே பெயரில் அதே தொகை. அவள் ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் பட்டியல் கட்டணத்தை வானத்தில் வைத்துவிட்டு, பிறகு கழிவு கொடுப்பது சாதாரண நடைமுறை. முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரிக் கழிவு 50 வீதத்தையும் தாண்டுகிறது. தீபாவளிக்குப் புடவைக்கடையில் விலையை ஏற்றி எழுதிவிட்டுப் பாதி விலை என்பார்களே, அதே கதை. அந்தக் கழிவைத்தான் எங்களுக்குப் புலமைப்பரிசிலாக விற்றார்கள்.

மிச்சம் எவ்வளவு என்பதைக் கடைசிவரை வாயால் சொல்லவில்லை. அது எழுத்தில் இருக்கும் இடம் ஐ-20 படிவம். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் தாள் அது. ஒரு பக்கம் அந்த வருடத்துக்கான செலவு, மறுபக்கம் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கணக்கு. கல்லூரி தருவது ஒரு வரி, உங்கள் சொந்தப் பணம் இன்னொரு வரி. எனக்குக் கல்லூரி வரியில் 24,000, சொந்தப் பண வரியில் 28,000. டொலர் 300 ரூபாயை ஒட்டி நிற்கும்போது இது ஒரு வருடத்துக்கு 84 இலட்சம். நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். "அது விசாவுக்குக் காட்டுற கணக்கு மட்டும் அன்ரி, உண்மையில கட்டத் தேவையில்லை, பிள்ளை அங்க வேலை செய்து சமாளிக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், முதல் வருடத்தில் வெளியே வேலைக்கே போகமுடியாது. சாப்பாட்டு மண்டபத்தில் தட்டுக் கழுவி 28,000 டொலர் சேர்த்தவரை நான் காணவில்லை. அப்பாவின் காணி உறுதி இன்னும் வங்கியில்தான் கிடக்கிறது.

காசை விடுவோம். விளையாட்டுக்கு வருவோம், எனக்கு அதுதான் அதிகம் சுட்டது.

போவதற்கு முன் அந்தக் கல்லூரிப் பயிற்றுநர் எனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். நல்ல மனிதர், அவர்மேல் கோபமில்லை. "உன் நிகழ்ச்சியில் நீ எங்கள் அணிக்குப் பெரிய பலமாக இருப்பாய்" என்று எழுதியிருந்தார். என்ன நிகழ்ச்சி என்று எங்கும் இல்லை. பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அதே கடிதம் போகிறது என்பது அங்கே மற்றவர்களின் கைப்பேசியைப் பார்த்தபோது தெரிந்தது. "கோல் எல்லாம் கொண்டு போகாதீங்கோ, விமானத்தில ஏத்துறது பெரிய பாடு, அங்க புதுசு வாங்கித் தருவினம்" என்று முகவர் சொன்னதால் என் கோலை மாஸ்டரின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனேன்.

அங்கே பாயும் இடம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் இருந்தது. மெத்தைமேல் நீலத் தார்ப்பாய். தூக்கினால் பூஞ்சண மணம், உள்ளே கடற்பஞ்சு ஈரம் ஊறிப் பாரமாகக் கிடந்தது. மெத்தைத் துண்டுகளைக் கட்டும் பட்டி அறுந்து நடுவில் ஒரு முழம் விலகி நின்றது, விழுகிற ஆளின் கால் நேராக அதற்குள் போகும். கோல் ஊன்றும் பெட்டிக்குள் மழைத்தண்ணீரும் இலையும். களஞ்சியத்தில் மூன்று கோல்கள் இருந்தன. ஒவ்வொரு கோலிலும் எவ்வளவு நிறையுள்ள ஆளுக்கு என்று எழுதியிருக்கும். இருந்ததில் மெல்லியதே 160 பவுண்ட், அதாவது 72 கிலோவுக்கும் மேல். நான் 52 கிலோ. அந்தக் கோல் எனக்கு வளையாது. வளையாத கோல் ஆளை மெத்தைக்குக் கொண்டுபோகாது, வந்த பாதையிலேயே திருப்பித் தள்ளிவிடும். முதுகு முறியத்தான் அது நல்லது.

கோலூன்றிப் பாய்தலுக்குப் பயிற்றுநர் என்று சொல்லப்பட்டவர் ஒரு பழைய மாணவர். சம்பளமில்லாமல் சனிக்கிழமைகளில் வந்தார். பனி கொட்டத் தொடங்கியதும் வரவில்லை. தலைமைப் பயிற்றுநர் நெடுந்தூர ஓட்டக்காரர். ஆண், பெண் இரு பாலாருக்கும் வயல்வெளி ஓட்டம், உள்ளரங்கப் பருவம், வெளியரங்கப் பருவம் எல்லாம் அவர் தலையில். அவருக்குக் கீழே ஒரு பகுதிநேர உதவியாளர். அணிப் பட்டியலில் எழுபதுக்கு மேல் பெயர்கள். அதில் முதலாண்டுக்காரர் 31, நான்காமாண்டுக்காரர் 6. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை நிற்கிறார்கள் என்று வேறு ஒன்றும் கேட்கத் தேவையில்லை. சின்னக் கல்லூரிகளில் பல, மாணவர் கட்டும் கட்டணத்தில்தான் உயிர் வாழ்கின்றன. அணியில் சேர ஒரு பிள்ளை வந்தால் கட்டணம் கட்டும் ஆள் ஒன்று கூடும். எனவே வருடத்துக்கு இத்தனை பேரைக் கொண்டுவா என்று பயிற்றுநரிடமே கணக்குக் கேட்கிறார்கள். வந்தவர் பாய்ந்தாரா, படுத்தாரா என்பது இரண்டாம் விடயம். போட்டிக்குப் போகும் வாகனத்தில் எல்லோருக்கும் இடமும் இல்லை.

எல்லாச் சின்னக் கல்லூரியும் இப்படி என்று சொல்லமாட்டேன். பக்கத்து ஊரில் இதே மூன்றாம் பிரிவில் இருந்த இன்னொரு கல்லூரிக்கு ஒரு போட்டிக்காகப் போனோம். சம்பளம் வாங்கும் கோலூன்றிப் பயிற்றுநர், உள்ளரங்க மெத்தை, பெண்களுக்கென்று வரிசையாகக் கோல்கள். எனக்கு வயிறெரிந்தது. அந்தக் கல்லூரியில் விண்ணப்பிக்க ஏன் சொல்லவில்லை என்று பிறகு முகவரிடம் கேட்டதற்கு "அவை எங்களோட ஒப்பந்தம் இல்லை" என்றார். ஒப்பந்தம் என்றால் தரகுக் காசு. அமெரிக்கச் சட்டம் உள்நாட்டு மாணவரைச் சேர்த்துத் தருவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதைத் தடுக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மாணவர் விடயத்தில் அந்தத் தடை இல்லை. எங்களிடம் கட்டணமாக வாங்கிய 12 இலட்சம் போதாதென்று கல்லூரியிடமும் வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். "இவ்வளவு புலமைப்பரிசில் எடுத்துத் தந்தால் அதில் இத்தனை வீதம் எங்களுக்கு" என்று சில முகவர்கள் கேட்கிறார்கள். முதலாம், இரண்டாம் பிரிவுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு இது நஞ்சு. உங்கள் விபரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்க நிலையான கட்டணம் வாங்குவதை என்.சி.ஏ.ஏ. ஏற்கும். கிடைக்கும் உதவிப்பணத்தை வைத்துக் கட்டணம் போட்டால் போட்டியிடும் தகுதியே போகலாம். முகவர் நிலையச் சுவரில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக உரிமம் மாட்டியிருப்பதைக் கண்டும் மயங்கவேண்டாம். அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான உரிமம், கல்லூரிக்குப் பிள்ளை அனுப்புவதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சாள் ஒரு இரவில் உட்கார்ந்து இந்தக் கல்லூரியைப் பற்றித் தேடி எடுத்ததெல்லாம் காசில்லாமல் கிடைப்பவைதான். அமெரிக்காவில் 1994இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி அரச மாணவர் உதவித் திட்டத்தில் இருக்கும் ஆண் பெண் கலந்த கல்லூரிகள், ஒவ்வொரு அணியிலும் எத்தனை பேர், எத்தனை பயிற்றுநர், எவ்வளவு செலவு என்று வருடாவருடம் சொல்லவேண்டும். அந்த நாட்டுக் கல்வித் திணைக்களத்தின் தளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டால் வந்துவிடும். அணியின் செலவை ஆள் தொகையால் பிரித்துப் பாருங்கள். அப்புறம் டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். என்ற தளம், கல்லூரித் தடகள முடிவுகள் எல்லாம் அங்கே இருக்கும். உங்கள் நிகழ்ச்சியில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் முதல் வருடத்தில் என்ன செய்தார்கள், மூன்றாம் வருடத்தில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் கல்லூரியில் பெண்கள் கோலூன்றிப் பாய்தலில் அதற்கு முந்திய வருடங்களில் ஒரு பெயரும் இல்லை. வெறும் பக்கம்.

பயிற்றுநரிடம் காணொளியில் கதைக்கும் வாய்ப்புக் கிடைத்தால், "உங்கள் வசதிகள் எப்படி" என்று கேட்டுப் பயனில்லை, அருமை என்பார்கள். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு போய் மெத்தையைக் காட்டச் சொல்லுங்கள். குண்டு எறிபவர் வட்டத்தைக் காட்டச் சொல்லட்டும். என் நிகழ்ச்சிக்கு யார் பயிற்சி, அவருக்குச் சம்பளம் உண்டா, குளிர்காலத்தில் எங்கே பயிற்சி, காயம் வந்தால் யார் பார்ப்பார், காப்புறுதி விளையாட்டுக் காயத்தை ஏற்குமா என்று கேளுங்கள். எனக்கு அந்த மெத்தை இடைவெளியில் கணுக்கால் பிரண்டபோது, கல்லூரியின் ஒரே விளையாட்டுச் சிகிச்சையாளர் அமெரிக்கக் காற்பந்து அணியோடு வெளியூர் போயிருந்தார். அணியை விட்டு விலகிய ஒரு பிள்ளையோடும் கதைத்துவிடுங்கள். பழைய அணிப் பட்டியலில் பெயர் இருக்கும், இன்ஸ்டகிராமில் தேடினால் கிடைக்கும். இருக்கிறவர்கள் சொல்லாததை விட்டுப் போனவர்கள் சொல்வார்கள்.

கல்லூரி நிலைத்து நிற்குமா என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது. 2024 மே மாதக் கடைசியில் அலபாமாவில் பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி நிரந்தரமாக மூடப்பட்டபோது, அதன் பேஸ்போல் அணி மூன்றாம் பிரிவு இறுதிச் சுற்றுப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தது. நல்ல அணி இருந்தும் கல்லூரி இல்லாமல் போனது.

நான் ஒரு வருடத்தோடு திரும்பிவிட்டேன். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். முகவர் தந்த பற்றுச்சீட்டில் "ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படாது" என்று மட்டும் இருக்கிறது, புலமைப்பரிசில் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. நல்ல காலத்துக்கு அப்பா அவர்களுடைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தார். "100 வீதம்" என்று அவர்கள் வாயாலேயே சொன்னது அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே காசு கட்டியவர்கள் உங்கள் பதிவுகளை வேறொரு கைப்பேசியிலும் ஏற்றி வையுங்கள். கல்லூரிக் கடிதத்தின் மூலப்பிரதியை "கோப்புக்குத் தேவை" என்று திருப்பிக் கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள். நிழற்பிரதியைக் கொடுங்கள், போதும்.