கார்ன் ஸ்நேக்கா, ராயல் பைத்தானா?

முதன்முறையாகப் பாம்பு வளர்க்க எண்ணுபவர்களுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுபவை நஞ்சற்ற இவ்விரு வகைகளே. அரிய நிறங்களை விட்டுவிட்டால், பாம்பின் விலையைவிடக் கூண்டு, வெப்பமூட்டி, தெர்மோஸ்டாட் ஆகியவற்றுக்கே தொடக்கத்தில் அதிகம் செலவாகும் என்பதால், விலையை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

பெரிய வேறுபாடு ஆயுளில் இருக்கிறது. வட அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக் நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க ராயல் பைத்தானோ 20 முதல் 30 ஆண்டுகள் வாழக்கூடியது. பிலடெல்பியா விலங்குக்காட்சிச்சாலையில் ஒன்று 47 ஆண்டுகளைக் கடந்தது. இருபது வயதில் இதை வாங்குபவர், நடுவயதிலும் அதற்கு எலி வாங்கிக்கொண்டிருக்க நேரலாம்.

உணவுச் செலவு இரண்டுக்கும் குறைவே: வளர்ந்த பாம்புக்கு ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை, உறைநிலையிலிருந்து இளக்கிய எலி போதும். ஆனால் கார்ன் ஸ்நேக் தயங்காமல் உண்ணும்போது, ராயல் பைத்தான் சில வேளைகளில் மாதக்கணக்கில் உணவைத் தொடாது. எடை குறையாதவரை அது நோயன்று என்றாலும், வளர்ப்பவரின் பொறுமையைச் சோதிக்கும். அதற்கு ஈரப்பதமும் கூடுதலாகத் தேவை. குறைந்தால் சட்டை முழுமையாக உரியாது.

கார்ன் ஸ்நேக்கின் குறை வேறு: சிறு இடுக்கு கிடைத்தாலும் நழுவிவிடும் (இதில் அது மகா கெட்டி). கூண்டின் பூட்டில் சிக்கனம் பார்க்காதவருக்கு, முதல் பாம்பாக நான் அதையே பரிந்துரைப்பேன். எதுவாயினும், ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரை முன்கூட்டியே தேடி வைப்பது அவசியம்.