தமிழ்நாடா, மொரீஷியஸா, ஹங்கேரியா? டர்பன் பிள்ளைகளின் மருத்துவப் படிப்பு: ஓர் ஒப்பீடு

டர்பனில் பிள்ளை மருத்துவம் படிக்க விரும்பினால், வீட்டில் முதலில் கட்டணத்தைப் பேசுகிறோம், பிறகு கல்லூரியின் பெயரை. படித்து முடித்து எந்த நாட்டு நோயாளியைப் பார்க்கப் போகிறான் என்ற பேச்சு, விமான டிக்கெட் வாங்கிய பிறகுதான் எழுகிறது. நான் அந்தக் கேள்வியை முன்னால் வைத்துத்தான் மூன்று நாடுகளையும் ஒப்பிடப் போகிறேன். பிள்ளை தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பி வரப் போகிறது என்பது என் அனுமானம். ஐரோப்பாவில் குடியேறுவதுதான் எண்ணம் என்றால் விடை மாறும். அதையும் சொல்கிறேன்.

வெளிநாடு போவது நமக்குப் புதிதல்ல. 1951இல் டர்பனில் மருத்துவப் பள்ளி திறக்கும் முன் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் கடல் கடப்பதைத் தவிர வேறு வழி பெரிதாக இல்லை. நிறவெறியை எதிர்த்துப் போராடிய மருத்துவர்களான மோன்டி நாயக்கரும் டாக்டர் குணமும் எடின்பரோவில் படித்துத் திரும்பியவர்கள். அன்று நிறத்தடை விரட்டியது, இன்று இடப் பற்றாக்குறை விரட்டுகிறது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவச் சேர்க்கையில் இந்தியர்களுக்கு 19 விழுக்காடு என்ற கணக்கைச் செய்தித்தாள்கள் பலமுறை வெளியிட்டிருக்கின்றன. ஐந்தாறு டிஸ்டிங்ஷன் வாங்கியும் இடம் கிடைக்காத பிள்ளைகளை, இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

திரும்பி வரும் வழி

இங்கேயே பட்டம் பெற்றவர் இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவராகவும் ஓர் ஆண்டு அரசு மருத்துவமனைகளில் கட்டாயச் சேவையிலும் இருந்த பிறகுதான் சுயேச்சையாகத் தொழில் செய்யலாம். வெளிநாட்டில் படித்தவருக்கு இந்த மூன்று ஆண்டுகளும் உண்டு. அவற்றுக்கு முன்னால் சுகாதாரத் தொழில்வல்லுநர் மன்றத்தின் தேர்வும் உண்டு. அதில் எழுத்துத் தேர்வு ஒரு பகுதி, செய்முறைத் தேர்வு இன்னொரு பகுதி. பட்டச் சான்றிதழை அமெரிக்க நிறுவனம் ஒன்றின் இணையச் சேவை வழியாகச் சரிபார்த்து வாங்க வேண்டும். பயிற்சி இடங்களை ஒதுக்குவதில் அரசு தடுமாறுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. உள்ளூர்ப் பட்டதாரிகளே காத்திருக்கிறார்கள் என்றால் மற்றவர்கள் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே "எங்கள் கல்லூரிக்குத் தென்னாப்பிரிக்க அங்கீகாரம் இருக்கிறது" என்று முகவர் சொன்னால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தாலும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் கல்லூரியில் படித்து டர்பனுக்குத் திரும்பியவர்களில் எத்தனை பேர் அந்தத் தேர்வில் தேறினார்கள், அவர்களில் இருவரோடு பேச முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள். பேச்சு சட்டென்று விடுதி வசதிக்குத் தாவினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நுழைவாயில்

மூன்றில் கடினமான வாசல் தமிழ்நாடுதான். தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் அது பூர்வீக மண். ஆனால் நீட் தேர்வுக்கு இந்த உறவெல்லாம் தெரியாது. 2024இல் 23 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வு அது. 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று குறையும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் இது கட்டாயம். அண்மை ஆண்டுகளில் இந்தியாவுக்கு வெளியே 14 நகரங்களில் தேர்வு நடக்கிறது. அவற்றில் ஆப்பிரிக்காவில் இருப்பது நைஜீரியாவின் லாகோஸ் மட்டும். கொழும்புக்கோ துபாய்க்கோ போய் எழுதுவது நமக்குச் சுலபம்.

பாடத்திட்டம் இன்னொரு சிக்கல். நம் மெட்ரிக்கில், அதாவது பள்ளி இறுதித் தேர்வில், இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து ஒரே பாடம், இரண்டு தாள்கள். இந்தியாவிலோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் தனித்தனியே பார்க்கிறார்கள். நம் சான்றிதழ் அங்கே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்ற சான்றை இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் வாங்க வேண்டும். இரண்டு தாள்களின் மதிப்பெண்ணையும் தனித்தனியே காட்டும் கடிதத்தைப் பள்ளியிலிருந்து முன்கூட்டியே பெற்று வைப்பது நல்லது. மெட்ரிக் தேர்வு நவம்பரில் முடிகிறது, நீட் மே மாதத்தில் வருகிறது. இடையே கிடைப்பது ஐந்தாறு மாதங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளோ பதினொன்றாம் வகுப்பிலிருந்தே அதற்காகத் தயாராகிறார்கள்.

தேறினாலும் பெரும்பாலும் திறந்திருப்பது தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) இடங்கள்தான். அதற்கு மேல்வரம்பு 15 விழுக்காடு, கட்டணமோ சாதாரண இடத்தைவிடப் பல மடங்கு. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை வாங்கினால் வழி பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது. அந்த அட்டைக்கான பொதுவிதி கொள்ளுப்பேரன் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலியாக வந்து இறங்கியவரின் வழித்தோன்றல் கப்பல் பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாலும், தலைமுறைக் கணக்கு இடிக்கலாம். அட்டை கிடைத்தாலும், 2021 மார்ச் 4க்குப் பிறகு பெற்றவர்கள் கல்லூரிச் சேர்க்கையில் என்ஆர்ஐகளோடுதான் வைக்கப்படுகிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காக அட்டைக்கு அலைய வேண்டியதில்லை.

ஹங்கேரியின் வாசல் நடுத்தரம். செம்மல்வைஸ், டெப்ரசன், பேச், செகெட் என நான்கு பல்கலைக்கழகங்களில் 1980களிலிருந்து ஆங்கிலவழி மருத்துவம் நடக்கிறது. உயிரியல், வேதியியலில் நுழைவுத் தேர்வு, ஆங்கிலத்தில் நேர்காணல் என்ற அளவில் முடிந்துவிடும். ஒழுங்காகப் படித்த மெட்ரிக் மாணவருக்கு இது எட்டக்கூடியது. உள்ளே நுழைந்த பின் முதல் இரண்டு ஆண்டுகளில் உடற்கூறியலும் உயிர்வேதியியலும் ஆளை அசைத்துப் பார்க்கும். வாய்மொழித் தேர்வு அங்கே பழைய வழக்கம், மனப்பாடம் மட்டும் உதவாது.

மொரீஷியஸ் மூன்றிலும் எளிது. நம் கடவுச்சீட்டுக்கு முன்விசா தேவையில்லை, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். பெல் ரிவில் உள்ள சர் சிவசாகர் ராம்கூலம் மருத்துவக் கல்லூரி 1999இல் தொடங்கியது, பாடம் இந்திய முறையில் எம்பிபிஎஸ். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. தாயின் மனதுக்கு இவை பெரிய ஆறுதல்தான், தேர்வில் மதிப்பெண் தரா.

படுக்கையருகே என்ன கற்கிறார்கள்

மருத்துவத்தின் பின்பாதி முழுக்க நோயாளியோடுதான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும் என்று மூன்று நாடுகளும் சொல்கின்றன, உண்மையும் அதுவே. ஆனால் மார்பு வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் நோயாளி ஆங்கிலத்தில் பதில் சொல்ல மாட்டார். டெப்ரசனில் ஹங்கேரிய மொழியில் சொல்வார், அதனால்தான் மொழி வகுப்பை அங்கே பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். மொரீஷியஸில், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோலில் சொல்வார். பிரெஞ்சே தெரியாத டர்பன் பிள்ளை கிரியோலைப் பிடிக்க ஓராண்டாவது ஆகும். தமிழ்நாட்டில் தமிழில் சொல்வார். இங்கே நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் என்பது கோயில் பாட்டும் சமையலறைச் சொற்களும்தான். ஆனாலும் அந்தச் சிறு மூலதனம் வேகமாக வளர்வதைக் காண்கிறோம்.

மொழியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நோய். தென்னாப்பிரிக்காவில் எச்ஐவியோடு வாழ்பவர்கள் 75 லட்சத்துக்கு மேல், உலகிலேயே இதுதான் அதிகம். காசநோய் அதன் நிழலாகவே வருகிறது. பயிற்சி மருத்துவர் முதல் வாரத்திலேயே இந்த இரண்டையும் சந்திக்கிறார். எச்ஐவி மிக அரிதான ஹங்கேரியில் ஆறு ஆண்டுகள் படித்தவர் இவற்றைப் புத்தகத்தில் நன்றாகவே படித்திருப்பார், வார்டில் பார்த்திருப்பது குறைவு. இந்தியாவில் காசநோயாளிகள் உலகிலேயே அதிகம், கூட்டமும் அதிகம். கடைசி ஆண்டில் ஹவுஸ் சர்ஜனாக ஊசி போடுவதிலிருந்து பிரசவம் பார்ப்பது வரை கை பழகிவிடும். மொரீஷியஸில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. நம் ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த் வீடுகளுக்கு நன்கு தெரிந்த நோய் அது, கற்பதற்கும் நல்ல இடம். ஆனால் தீவின் மக்கள்தொகை சுமார் 12 லட்சம்தான். ஒரு மாணவருக்கு எத்தனை படுக்கை வருகிறது என்று சேரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றில் கடினமான வாசலுக்குப் பின்னால்தான் படுக்கையருகே அனுபவமும் செழிப்பு. இந்த வரிசையில் தமிழ்நாடு முதலிடம், ஆனால் நுழைய முடிந்தவருக்கு மட்டும்.

பணம்

ஆண்டுக் கட்டணத்தை ரேண்டில் மாற்றிப் பார்த்து நிம்மதியடைவது தவறான கணக்கு. 2011இல் ஒரு டாலர் ஏறக்குறைய 7 ரேண்ட், 2023இல் 19ஐத் தொட்டது. ஆறு ஆண்டுகள் டாலரிலோ யூரோவிலோ கட்ட வேண்டிய குடும்பம் கடைசி ஆண்டின் கட்டணத்தை இன்றைய விலையில் கணக்கிடக் கூடாது. அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவி வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. வீட்டை அடகு வைத்துத் தொடங்கி நான்காம் ஆண்டில் நிறுத்தினால் கையில் எந்தப் பட்டமும் இருக்காது.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனுக்கு விண்ணப்பம் அக்டோபர் 15க்குள் போக வேண்டும், நான்கு கல்லூரிகளுக்கு மேல் முடியாது, கட்டணம் மூச்சடைக்க வைக்கும். கியூபாவுக்கு அரசே மாணவர்களை அனுப்பும் வழி 1990களில் மண்டேலா, காஸ்ட்ரோ அரசுகள் போட்ட ஒப்பந்தத்தில் வந்தது, மாகாணங்கள்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன, நகர நடுத்தர வீடுகளுக்கு அது பொருந்துவது அரிது. சீனா மலிவு. ஆனால் 2020இல் எல்லை மூடியபோது வெளிநாட்டு மாணவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறைக்குத் திரும்ப முடியாமல் கணினித் திரையில் மருத்துவம் படித்தார்கள்.

யாருக்கு எது

ஐரோப்பாவில் தங்கும் எண்ணம் இருந்தால் ஹங்கேரிக்குப் போட்டியே இல்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு அந்தப் பட்டம் ஒன்றிய நாடுகளில் தானாகவே ஏற்கப்படும், மற்றவர்களுக்கு விதி நாட்டுக்கு நாடு மாறலாம், மொழித் தேர்வு தனி. திரும்பி வருவது உறுதி, பணமும் இருக்கிறது, பிள்ளை நீட் மாதிரித் தாளில் நல்ல மதிப்பெண் எடுக்கிறது என்றால் தமிழ்நாடு. நீட் எட்டவில்லை, பிள்ளை வீட்டைப் பிரிந்து நெடுந்தூரம் போகத் தயங்குகிறது என்றால் மொரீஷியஸ்.

நான்காவது ஒன்றும் இருக்கிறது, அதை எந்த முகவரும் சொல்வதில்லை, அதில் கமிஷன் இல்லை. இங்கேயே பிஎஸ்சி படித்துவிட்டுப் பட்டதாரியாக மீண்டும் விண்ணப்பிப்பது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகள் நேராக மூன்றாம் ஆண்டு மருத்துவத்தில் சேரும் வழி இருக்கிறது. போட்டி கடுமை, உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் வெளிநாட்டில் ஆறு ஆண்டுகள், தேர்வுக்குக் காத்திருப்பு, பயிற்சி இடத்துக்குக் காத்திருப்பு என்று கூட்டினால், பிஎஸ்சி வழியாகப் போனவர் முன்னதாகவே ஸ்டெதாஸ்கோப்பை மாட்டியிருக்கவும் கூடும். இடையில் தோற்றாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். வசதி சுமாரான வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு வேலை பொது. மெட்ரிக் முடிவு ஜனவரியில் வந்த பிறகு வெளிநாட்டு வகுப்புகள் தொடங்கச் சில மாதங்கள் இருக்கும். அந்த இடைவெளியில் பிள்ளையை ஒரு ஜூலு மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் அதைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறது. வெளியே போகிற நம் பிள்ளைகள்தான் அதைத் தவறவிடுகிறார்கள். பின்னர் பயிற்சி மருத்துவராக இந்த மாகாண மருத்துவமனைக்கு வந்து நிற்கும்போது வார்டில் கேட்கிற முதல் மொழி அதுவாகத்தான் இருக்கும்.