ஜி.எச்.சி. கம்பைலரின் நீட்டிப்புகள்: ஒரு பயனரின் மதிப்புரை

ஹாஸ்கெல் மொழியில் நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் பயன்படுத்துவது, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1989இல் பணி தொடங்கிய ஜி.எச்.சி. கம்பைலரைத்தான் (நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்). மொழியின் 2010ஆம் ஆண்டுத் தரநிலைக்கு அப்பால் நூற்றுக்கும் மேற்பட்ட நீட்டிப்புகளை, அதாவது கூடுதல் மொழி வசதிகளை, அது தருகிறது. கோப்பின் தலையில் ஒரு வரி எழுதினால் போதும், எந்த நீட்டிப்பும் இயங்கத் தொடங்கிவிடும். ஆனால் கம்பைலருக்குள் அவை குடியிருக்கும் இடங்கள் வெவ்வேறானவை.

லாம்டாகேஸ் என்னும் நீட்டிப்பு மேலோட்டமான எழுத்துச் சுருக்கம் மட்டுமே. பின்சாய்கோட்டை அடுத்து கேஸ் என்று எழுதினால், ஒரு மதிப்பை வாங்கி அதன் வடிவத்துக்கேற்பக் கிளை பிரிக்கும் சாதாரண லாம்டாவாகவே (பெயரில்லாத சார்பாகவே) அது மாறுகிறது. இந்த நீட்டிப்பை இயக்க மறந்தாலும் நிரலின் எழுத்தைப் படித்து இலக்கணம் பிரிக்கும் பகுதியான பார்சருக்கு அந்த எழுத்துமுறை தெரியும் என்பதால், எதைச் சேர்க்க வேண்டும் என்பதைப் பிழைச் செய்தியே பெயர் சொல்லித் தெரிவித்துவிடுகிறது. புதிதாகக் கற்பவருக்கு இது பேருதவி. ஒரு பதிவின் புலங்களை ஒரே குறியால் சுட்ட உதவும் ரெக்கார்டுவைல்டுகார்ட்ஸ் நீட்டிப்பின் இரட்டைப் புள்ளி, பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று தீர்மானிக்கும் அடுத்த கட்டமான ரீனேமரில் புலங்களின் பெயர்களாக விரிகிறது.

எந்த வழியில் வந்தாலும் நிரல் கடைசியில் கோர் என்னும் சிறிய உள்மொழிக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். இந்தக் கம்பைலரில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். கோரில் உள்ள வெளிப்பாட்டு வடிவங்கள் பத்தே பத்து. தரவு வகைகளை (டைப்) நுட்பமாக வரையறுக்க உதவும் ஜி.ஏ.டி.டி., டைப் ஃபேமிலிஸ் போன்ற நீட்டிப்புகளுக்கு இரு வகைகள் சமம் என்பதற்கான சான்றையும் நிரலோடு சுமந்து செல்ல வேண்டியிருந்ததால், 2007ஆம் ஆண்டு ஆய்வுரை விவரித்த சிஸ்டம் எஃப்.சி. என்னும் கோட்பாட்டு மொழியின் வழியில் காஸ்ட் (வகை மாற்றம்), கோயர்ஷன் (வகைகள் சமம் என்பதற்கான சான்று) ஆகிய வடிவங்கள் அங்கே இடம்பெற்றன. அடித்தளத்தையே விரிவாக்கக் கோரும் நீட்டிப்புகள் இப்படி மிகச் சில என்பதால்தான், நிரலைச் சுருக்கிச் சீராக்கும் சிம்ப்ளிஃபையர் முதலான பிற்பகுதிகள் ஒவ்வொரு புது நீட்டிப்புக்கும் திருத்தப்படாமல் தப்பிக்கின்றன. கோர்லின்ட் சோதனையை இயக்கினால், இடைநிலை நிரலின் வகைகள் ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் சரிபார்க்கப்படும்.

குறை என்று நான் சொல்வது, இந்த ஆழ வேறுபாடு கோப்பின் தலைவரியில் தெரியாமல் போவதைத்தான். நிரலைக் கொண்டே நிரலை உருவாக்க உதவும் டெம்ப்ளேட் ஹாஸ்கெல் என்னும் நீட்டிப்பு, கம்பைல் செய்யும்போதே நிரலை ஓட்டுகிறது; கோப்பின் நடுவே அதன் ஒட்டு (உருவான நிரலைச் செருகும் இடம்) ஒன்று வந்தால், அதற்குக் கீழே அறிவித்தவை மேலே உள்ளவற்றுக்குத் தெரியாது, அதே கோப்பில் எழுதிய சார்பை அந்த ஒட்டுக்குள் அழைக்கவும் முடியாது. இத்தகைய ஒன்றும் லாம்டாகேஸும் ஒரே தோற்றத்தில் அடுத்தடுத்த வரிகளில் நிற்பது சரியாகப் படவில்லை. 9.10 பதிப்போடு வந்த ஜி.எச்.சி.2024 என்னும், பல நீட்டிப்புகளை ஒரே பெயரில் இயக்கும் தொகுப்பில் லாம்டாகேஸும் ஜி.ஏ.டி.டி.யும் சேர்ந்திருக்க, டெம்ப்ளேட் ஹாஸ்கெல் வெளியே நிறுத்தப்பட்டிருப்பதை மனமார வரவேற்கிறேன்.