பேட்டரி கொழுந்து மிஷின்: வெட்டு சரி, விரல்?

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து சிறு தேயிலைத் தோட்டங்களில் இப்போது நிறைய ஓடுவது, பேட்டரியை முதுகிலோ இடுப்பிலோ மாட்டிக்கொண்டு கொழுந்து வெட்டும் ஒற்றை ஆள் மிஷின். ஏறக்குறைய ஒரு அடி அகலத்தில் இரண்டு பல் பிளேடுகள் ஒன்றின் மேல் ஒன்று முன்னும் பின்னும் ஓடும். சுழலும் தகடு கொழுந்தைப் பைக்குள் தள்ளும். இரண்டு பேர் தூக்கும் பெட்ரோல் மிஷினின் புகை இதில் கிடையாது, அதிர்வும் குறைவு. கவாத்துக்குப் பின் மட்டமாக வளர்ந்த செடியில் வெட்டு அருமை. மேடுபள்ளமான பழைய செடி என்றால் முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து வந்து ஃபேக்டரியில் விலை விழும்.

கடையில் யாரும் சொல்லாத விஷயம் அடைப்பு. சில்வர் ஓக் சுள்ளியோ காய்ந்த கவாத்துக் குச்சியோ பல்லில் சிக்கினால் மோட்டார் நிற்கும். ஆள் ஒரு கையில் மிஷினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குச்சியை இழுப்பார். இழுக்கிற வேகத்தில் பிடித்த கையும் தானாக இறுகும், பிடியில் உள்ள சுவிட்ச் அமுங்கும். குச்சி வெளியே வந்த அதே நொடியில் பிளேடு ஓடும். ஜனவரி உறைபனிக் காலையில் விரல் மரத்துப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது பிளேடு நீளத்தை அல்ல. லாக் என்ற தனி பாதுகாப்பு பட்டனையும் அமுக்கினால்தான் சுவிட்ச் இயங்க வேண்டும், கையை எடுத்தால் உடனே நிற்க வேண்டும். பேட்டரி வயரின் பிளக் இடுப்புக்கு எட்டும் இடத்தில், ஒரே இழுப்பில் கழல்வதாக இருக்கட்டும். அடைப்பு என்றால் முதலில் பிளக், பிறகு குச்சி, அதுவும் இடுக்கியால். கை வலிக்கிறது என்று சுவிட்சை ரப்பர் பேண்டால் கட்டி ஓட்டும் வழக்கம் இருக்கிறது. அப்படி ஓட்டுபவரிடம் மிஷினைக் கொடுக்காதீர்கள்.

அடைப்பைக் குறைக்கவும் முடியும். இலைச்சாறு காய்ந்து பிளேடில் பிசினாக ஒட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிளேடு போல்ட்டை இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, லாக் நட் போடுங்கள். இடைவெளி அதிகமானால் காம்பு வெட்டுப்படாமல் மடங்கி மாட்டும். பெட்ரோல் மிஷினில் ஐடிலிங்கை (ஆக்ஸிலேட்டர் தராதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கூடுதலாக வைத்திருந்தால் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு ஓடும். அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால், துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. ஆஸ்பத்திரியில் 'மிஷினில் வேலை செய்யும்போது' என்றே பதிவு செய்யச் சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். 'வீட்டில் விழுந்தார்' என்று எழுதிவிட்டால் பிறகு இழப்பீடு கேட்பது பெரிய பாடு.

சின்னத் தோட்டத்துக்கு இழப்பீடு வராது என்பது தப்பு. விசையால் இயங்கும் கருவியோடு விவசாய வேலை செய்பவர் 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே இருந்தார். அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சம்பாதிக்கும் திறனில் இழப்பு என்று சட்டம் கணக்கிடுவது, ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் 5. நாற்பது வயது, மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால்: அதில் 60 சதவீதம் 7,200, அதைச் சட்டப் பட்டியலில் அந்த வயதுக்கான எண் 184.17-ஆல் பெருக்கி 14 சதவீதம் எடுத்தால் சுமார் 1,85,600 ரூபாய். மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி ஏறும். மனு போட இரண்டு வருட அவகாசம் உண்டு.

மட்டமான செடியும், சொன்னதைக் கேட்கும் ஆளும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். விலை கேட்கும்போதே தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியின் பிரீமியத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். லாக் இல்லாத சுவிட்ச் உள்ள மாடலை என்ன தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள்.