வாங்குகிறவர் கையிலும் டேப்பைக் கொடுக்கும் மரவாடி

அறுவை மில்லும் மரவாடியும் ஒரே வளாகத்தில் இயங்கும் ஒரு கடையைப் பற்றிய மதிப்புரை இது. கதவு, ஜன்னல், அலமாரி செய்யும் என் சிறு பட்டறைக்குப் பல ஆண்டுகளாக மரம் எடுப்பது அங்கேதான். மரத் தொழிலில் விற்கிறவருக்குத் தெரிந்ததற்கும் வாங்குகிறவருக்குத் தெரிந்ததற்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. விற்கிறவர் ஒரு தடியின் வெட்டுமுகத்தைப் பார்த்த மாத்திரத்தில் வைரம் (நடுவிலுள்ள முற்றிய பகுதி) எவ்வளவு, வெள்ளை (அதைச் சுற்றியுள்ள இளம் பகுதி) எவ்வளவு, உள்ளே பொந்து ஓடியிருக்குமா என்று ஊகித்துவிடுவார். வாங்குகிறவர் கண்ணில் படுவது நிறமும் விலையும்தான். இந்தத் தூரத்தைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொள்ளாத கடை என்பதால் இதைப் பரிந்துரைக்கிறேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

விலை கேட்டு வருகிறவரிடம் இங்குள்ள மேற்பார்வையாளர் உடனே விலை சொல்வதில்லை. எங்கே பொருத்தப் போகிறீர்கள், வெயிலும் மழையும் படுமா, எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், பெயின்ட் அடிப்பீர்களா பாலிஷ் போடுவீர்களா என்றெல்லாம் கேட்டறிந்த பிறகே அடுக்குகளின் பக்கம் அழைத்துச் செல்கிறார். ஒருமுறை நான் அங்கே காத்திருந்தபோது, குளியலறைக் கதவுக்கு முதல்தரத் தேக்குப் பலகை வேண்டும் என்று ஓர் அம்மா வந்தார். “அம்மா, தினமும் தண்ணீர் தெறிக்கிற இடத்துக்கு இந்தப் பலகையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கதவை வேறு பொருளில் போட்டுக்கொள்ளுங்கள், நிலைக்கு மட்டும் மரம் எடுங்கள். நிலையின் அடி ஈரத்தில் நிற்காதபடி ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்” என்றார் மேற்பார்வையாளர். அவர் சொன்ன அந்த வேறு பொருள் அவருடைய கடையில் விற்பனைக்கு இல்லை. பெயின்ட் அடிக்கப்போகும் அலமாரியின் உட்தட்டுகளுக்குத் தேக்கு கேட்கிறவர்களிடமும், பெயின்டுக்கு அடியில் மறையப்போகும் ரேகைக்கு எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்பதை நான் பலமுறை காதில் வாங்கியிருக்கிறேன்.

தடி அளவைதான் மரத் தொழிலில் அதிகமான மனக்கசப்புக்கு இடம் கொடுக்கும் விஷயம் என்பதால், அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். உருண்டைத் தடியைப் பெரும்பாலும் கால்சுற்றளவு முறையில்தான் கணக்கிடுகிறார்கள்: சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடியில் எடுத்த நீளத்தால் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கனஅடி கிடைக்கும். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் சரியாக 10 கனஅடி. அதே தடியை முழு உருளையாக எடுத்துக்கொண்டால் அதன் உண்மையான கனஅளவு ஏறக்குறைய 12.7 கனஅடி, அதாவது இந்த முறை உண்மையான அளவில் சுமார் 78.5 சதவீதத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது. தடியைச் சதுரமாக்கும்போது போகும் சேதத்துக்காக விடப்பட்ட இந்தச் சலுகை வாங்குகிறவருக்குச் சாதகமானதே. ஆனாலும் 10 கனஅடித் தடியிலிருந்து 10 கனஅடி பலகை வரும் என்று நம்பி வருகிறவர்களே அதிகம். பட்டை, வெள்ளைப் பகுதி, வளைவு, ரம்பம் தின்னும் தூள் எல்லாம் போன பிறகு கைக்கு வருவது கணிசமாகக் குறையும் என்பதை எந்தக் கடையும் வலியப் போய்ச் சொல்வதில்லை. இந்தக் கடையில் அறுப்பதற்கு முன்பே அதைச் சொல்கிறார்கள்.

சொல்வதோடு நிற்காமல், பட்டையைச் செதுக்கி எடுத்துவிட்டு, தடியின் நடுப்பகுதியில் டேப்பைச் சுற்றி, அதன் ஒரு முனையை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பருத்த அடிப்பக்கத்தில் அளந்தால் கணக்கு ஏறிவிடும் என்பது அந்த ஒரு செயலிலேயே வாங்குகிறவருக்குப் புரிந்துவிடுகிறது. அளவு தடியின் வெட்டுமுகத்தில் சாக்பீஸால் எழுதப்பட்டு, அதே எண் பில்லிலும் ஏறுகிறது. பலகையாக வாங்கும்போது அறுத்த கனத்தையும் இழைத்த கனத்தையும் தனித்தனியே குறித்துத் தருகிறார்கள். ஒரு அங்குலம் என்று அறுத்த பலகை இருபக்கமும் இழைத்த பிறகு ஒரு அங்குலமாக இராது என்பதை வேலை தொடங்கிய பிறகு தெரிந்துகொண்டு தச்சரோடு சண்டை போடுகிற வீட்டுக்காரர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அந்த இரண்டு எண்களும் பில்லில் இருந்திருந்தால் அவற்றில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

அடுத்தது ஈரம். பச்சை மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மரம் சுருங்க ஆரம்பிக்கிறது. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு; நீளவாக்கில் மிகச் சொற்பம். இந்த ஏற்றத்தாழ்வால்தான் சரியாகக் காயாத பலகை கிண்ணம்போல் குழிகிறது, கதவு நிலையில் சிக்குகிறது, இணைப்புகள் வாய் பிளக்கின்றன. “நன்றாகக் காய்ந்த மரம்” என்ற வாய்மொழி உறுதியை எந்தக் கடையிலும் கேட்கலாம். இங்கே ஈரமானியை எடுத்து வந்து காட்டுகிறார்கள். காய்ந்துகொண்டிருக்கும் மரத்தின் மேற்பரப்பு பொதுவாக உள்ளே இருப்பதைவிடக் காய்ந்தே இருக்கும் என்பதால், கேட்டால் பலகையின் முனையிலிருந்து தள்ளி ஒரு துண்டு அறுத்து, அந்தப் புதிய வெட்டுமுகத்தின் நடுவில் ஊசியைக் குத்துகிறார்கள். மானியில் மர வகைக்கு ஏற்ற திருத்தத்தை வைக்கவும் அவர்கள் மறப்பதில்லை. ஒருமுறை நான் எடுக்க நினைத்த சட்டங்களில் ஈரப்பதம் 19 சதவீதம் என்று வந்தது. வீட்டுக்குள் வைக்கும் அலமாரிக்கு இது ஆகாது, பொறுத்திருந்து எடுங்கள் என்று அவர்களே அடுக்கில் திருப்பி வைத்துவிட்டார்கள். கையில் பணத்தோடு நிற்கிறவரிடம் அப்படிச் சொல்வது வியாபாரத்தில் எளிதல்ல.

காயவைக்கும் கொட்டகையும் பார்க்கத் தகுந்தது. ஒவ்வொரு பலகை வரிசைக்கும் இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து, அக்குச்சிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி அடுக்குகிறார்கள். கோடு விலகினால் மேல்பாரம் தாங்காமல் பலகை அலையலையாக வளைந்துவிடும். முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசியிருக்கிறார்கள், ஏனென்றால் ஈரம் முனைவழியாகத்தான் பன்மடங்கு வேகத்தில் வெளியேறும், அங்கேதான் வெடிப்பும் தொடங்கும். அடுக்கிய தேதியை அடுக்கின் முகத்திலேயே எழுதி வைத்திருப்பதால், காற்றில் காய ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்ற பழைய கணக்கை வாங்குகிறவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சொந்த நிலத்தில் வெட்டிய மரத்தைக் கொண்டுவந்து கூலிக்கு அறுத்துக்கொள்ளவும் இங்கே வழி உண்டு. ரம்பத்தில் ஏற்றுவதற்கு முன் தடி முழுவதும் உலோகங்காட்டியை ஓட்டுகிறார்கள். வீட்டோரம் வளர்ந்த மரங்களில் எப்போதோ அடித்த ஆணியும் துணிக்கொடிக்கான கொக்கியும் மரத்துக்குள் புதைந்து கிடக்கும், அதில் நாடாபோல் ஓடும் பட்டை ரம்பம் மோதினால் ரம்பம் அறுந்து ஆளுக்கே ஆபத்து. எந்தப் பக்கம் முதல் வெட்டு என்பதை ரம்பக்காரர் தடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, வெடிப்பு ஓடும் திசையில் கோடு போட்டு, வாடிக்கையாளரின் ஒப்புதல் கேட்ட பிறகே அறுக்கிறார். அந்தக் கோட்டில்தான் அவருடைய தொழில்திறன் முழுவதும் இருக்கிறது. அரை அங்குலம் தள்ளிப் போட்டால் நல்ல பலகைகள் இரண்டு விறகாகிவிடும்.

ஈட்டி மரம் கேட்டு வருகிறவர்களிடம் ஆவணத்தைப் பற்றியே முதலில் பேசுகிறார்கள். ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பதால், அம்மரம் நாட்டின் எல்லையைக் கடக்க உரிய அனுமதிச் சீட்டு வேண்டும். தடி எங்கிருந்து வந்தது என்ற காகிதத்தைக் கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்கள். கேட்காமலே காட்டினால் இன்னும் நன்றாயிருக்கும்.

இனிக் குறைகள். ஒட்டுப்பலகைப் பிரிவு பெயருக்குத்தான் இருக்கிறது. ரகங்கள் குறைவு, அங்கே நிற்கிறவருக்கு விவரமும் போதாது. அதற்கு வேறு கடையை நாடுவதே நல்லது. சொன்ன நாளில் வண்டி வருவது அரிது, தாமதத்தை முன்கூட்டித் தெரிவிக்கும் பழக்கமும் இல்லை. ஒருமுறை வந்து இறங்கிய பலகைகளில் சில ஓரம் முழுக்க வெள்ளையாக இருந்தன; வாதாடாமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், மாற்றுப் பலகை வரும்வரை வேலை நின்றது நின்றதுதான்.

என்னை மிகவும் வருத்துவது தூசி. பெரிய ரம்பத்துக்குத் தூள் உறிஞ்சும் குழாய் போட்டிருக்கிறார்கள், இழைப்பு மேசைகளுக்குப் போடவில்லை. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. காதுக்கு மூடி அணிந்து வேலை செய்யும் அதே தொழிலாளர்கள் மூக்கையும் வாயையும் வெறும் துண்டால் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் நிற்பதைப் பார்க்கும்போது, அளவிலும் ஈரத்திலும் இவ்வளவு அக்கறை காட்டும் நிர்வாகம் இதை எப்படி விட்டுவைத்தது என்று எனக்குப் புரியவில்லை. முதலாளியிடம் நேரிலேயே இரண்டு முறைக்கு மேல் சொல்லியிருக்கிறேன். அடுத்த இயந்திரம் வாங்கும்போது பார்க்கலாம் என்கிறார். மரம் வாங்கப் போகும் மற்றவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

போகிறவர்கள் காலை வேளையில் போவது நல்லது. மதியத்துக்கு மேல் வண்டியில் ஏற்றி இறக்கும் வேலை நெருக்கும்போது அடுக்கைப் பிரித்துக் காட்ட ஆள் கிடைப்பதில்லை. கையில் தேவையான சட்டங்களின் நீளம், அகலம், கனம் எழுதிய பட்டியல் இருக்கட்டும், வேலை தொடங்கும் நாளுக்கு வெகு முன்பே மரத்தைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்டிவிடுங்கள். தேர்ந்தெடுத்த பலகைகளின் முனையில் உங்கள் பெயரை எழுதச் சொன்னால் எழுதி வைப்பார்கள். வண்டி வந்து இறக்கும்போது அந்தப் பெயரைப் பார்த்து, பில்லை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணி வாங்குங்கள்.