‘இன்டிஜினஸ் கனடா’ பாடநெறி: பல்கலைக்கழக ஊழியர்களுக்கு இது மட்டும் போதுமா?

கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் பூர்வகுடிக் கல்விப் பீடம் 2017இல் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் தொடங்கிய பாடநெறி இது. மொத்தம் 12 பாடங்கள். பாடங்களைக் கேட்பது இலவசம், சான்றிதழுக்குத்தான் பணம்.

இதன் பலம் வரிசையிலேயே தெரிகிறது. ஐரோப்பியர் வருகையிலிருந்து தொடங்காமல், பூர்வகுடிகளின் உலகப் பார்வையைச் சொல்லிவிட்டுத்தான் மென்மயிர் வணிகத்துக்கும் உடன்படிக்கைகளுக்கும் வருகிறார்கள். மெட்டி (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பில் உருவான தனி மக்கள்) ஓவியர் லியா டோரியனின் ஓவியங்கள் பாடத்தோடு ஒட்டி நிற்கின்றன. இத்துடன் 1876ஆம் ஆண்டு இந்தியர் சட்டத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். இங்கே ‘இந்தியர்’ என்பது கனடாவின் பூர்வகுடிகளைக் குறிக்கும் பழைய சட்டச் சொல். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரின் ‘இந்தியர்’ தகுதியையே பறிக்க வழிசெய்த சட்டம் அது. பல குடும்பங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் தயக்கத்தோடு பார்க்கின்றன என்பது அப்போது விளங்கும்.

ஐந்தாவது பாடம் வதிவிடப் பள்ளிகள் பற்றியது. பூர்வகுடிப் பிள்ளைகள் 1,50,000க்கும் மேற்பட்டோரைக் குடும்பத்திலிருந்து பிரித்து விழுங்கிய அமைப்பு அது. குழுவாகப் பார்ப்பதானால் என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கிருக்கும் பூர்வகுடி மாணவரை எல்லோர் சார்பிலும் பேசச் சொல்லாதீர்கள். அது கொடுமை.

ஆனால் மாணவர் உதவி மேசையில் இருப்பவருக்கு இந்தப் பாடநெறி போதாது. கூட்டாட்சி அரசின் உயர்கல்வி உதவித் திட்டம் இந்தியர் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற முதல் தேசத்து (மெட்டி, இனுயிட் அல்லாத பூர்வகுடி) மாணவர்களுக்கானது. பணம் பெரும்பாலும் அவரவர் பூர்வகுடிச் சமூகத்தின் அலுவலகம் வழியாகவே வரும். மெட்டி மாணவர்களுக்கும் இனுயிட் (ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடி) மாணவர்களுக்கும் வேறு நிதி உண்டு. இது தெரியாமல் தவறான இடத்துக்கு அனுப்பினால் விண்ணப்பக் கெடு கடந்துவிடும். சமூக அலுவலகத்தின் கெடு முந்தி வரலாம் என்பதால் அனுமதிக் கடிதத்தைச் சீக்கிரமே கொடுங்கள். நிதி ஒப்புதல் கடிதம் கையில் இருக்கும்போது, காசோலை வரவில்லை என்று தாமதக் கட்டணம் போடாதீர்கள்.

பூர்வகுடிச் சமூகத்தின் மூத்தோரை நிகழ்ச்சிக்கு அழைக்கும் முறையும் இந்தப் பாடநெறியில் கைகூடாது. கனடாவின் சமவெளிப் பகுதிகளில் புகையிலை கொடுத்து வேண்டுவது வழக்கம், எல்லாச் சமூகங்களிலும் அப்படியில்லை. முதலில் கேளுங்கள். சன்மானத்தை அன்றே கொடுங்கள், படிவங்களுக்காக அலையவிடாதீர்கள். மூலிகைப் புகையிடும் சடங்கு என்றால் கட்டட நிர்வாகத்திடம் முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் தீ எச்சரிக்கை மணி நடுவில் அலறும்.

நேரம் குறைவென்றால் 1, 4, 5, 10 ஆகிய பாடங்களை முதலில் முடியுங்கள். பத்தாவது, நகரில் வாழும் பூர்வகுடிகள் பற்றியது. உங்கள் மேசைக்கு வரும் மாணவர்களில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள்.